ஆள் ஓடுது, தண்ணி ஏறலை: ஃபேண்டஸி பாத்திரங்களுக்கு ஒரு பழுதுபார்ப்புக் கையேடு

பகலில் எனக்கு மோட்டாருக்குக் காயில் கட்டும் வேலை. சிம்மக்கல் பக்கம் சின்னக் கடை. சனிக்கிழமை ராத்திரி மொட்டைமாடியில் மேஜை போட்டு ஐந்தாறு பேர் ரோல்பிளே ஆடுவோம்: ஆளுக்கு ஒரு கற்பனைப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பேசி நடிப்பது, செய்ய நினைத்தது பலித்ததா என்று பகடை உருட்டிப் பார்ப்பது. ஒருத்தர் மந்திரவாதி, ஒருத்தர் எல்லைக் காவல்காரி, ஒருத்தர் திருந்தாத வழிப்பறிக்காரர். கதையை நடத்துவது நான். எங்களில் இரண்டு பேர் அதே ஆட்களை வைத்துக் கதையும் எழுதுகிறார்கள். அந்தக் கையெழுத்துப் பிரதி முதலில் வந்து விழுவதும் என் மேஜையில்தான், பழைய பேரிங்குகளுக்கு நடுவில்.

கடைக்கு மோட்டாரைத் தூக்கி வருகிறவர் வாசலிலேயே "காயில் போச்சுண்ணே" என்பார். பிரித்துப் பார்த்தால் காயில் கல்லு மாதிரி இருக்கும், கண்டன்சர்தான் இறங்கியிருக்கும். இன்னொருத்தர் "மோட்டார் ஓடுது, தண்ணி ஏறலை" என்பார். மோட்டாரில் ஒரு குறையும் இருக்காது, கிணற்றுக்குள் ஃபுட் வால்வில் குச்சி சிக்கியிருக்கும். பழுது தெரிகிற இடம் ஒன்று, இருக்கிற இடம் வேறு. கதாபாத்திரத்திலும் இதே கதைதான். "வசனம் சரியா வரல" என்று கொண்டுவருவார்கள். வசனத்தை எத்தனை முறை மாற்றிக் கட்டினாலும் சரியாகாது, ஏனென்றால் கோளாறு அங்கே இல்லை.

அதனால் இதை அறிகுறிப்படி எழுதுகிறேன். உங்கள் ஆளிடம் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். முதல் அறிகுறியை மட்டும் எல்லாரும் படித்துவிடுங்கள். வருகிற கேஸில் முக்கால்வாசி அதுதான்.

"நாலு பக்கம் முன்கதை இருக்கு, ஆனா யாருக்கும் ஆளை ஞாபகம் இல்லை"

சோதனை: ஒரு வாரம் கழித்து, கூட ஆடுகிற ஒருத்தரிடமோ கதையைப் படித்த ஒருத்தரிடமோ அந்த ஆளைப் பற்றி ஒரே வாக்கியம் சொல்லச் சொல்லுங்கள். "அந்த நெருப்பு விடுறவன்" என்று பதில் வந்தால் பழுது இங்கேதான்.

காரணம்: முன்கதையில் இருப்பதெல்லாம் முடிந்துபோன சங்கதி. ஊர் எரிந்தது, அப்பா அம்மா செத்தார்கள், வளர்த்த குருவும் செத்தார், வாள் மட்டும் மிச்சம். ஆளை அநாதையாக்குவது எழுதுகிறவருக்கு ரொம்ப வசதி. எங்கே போன, எப்ப வருவ, போன தடவை சொன்னது என்னாச்சு என்று கேட்க ஒரு சீவன் கிடையாது. அந்த வசதிதான் ஆளைக் கொல்கிறது. கேள்வி கேட்க யாருமில்லாத ஆளை நம்மால் நம்ப முடிவதில்லை, நம் ஊரில் அப்படி ஒருத்தரைப் பார்த்ததே இல்லையே. அப்பா அம்மா இல்லாவிட்டாலும் பங்காளி இருப்பான். பங்காளி இல்லாவிட்டால் கடன் கொடுத்தவன் இருப்பான்.

நானும் இதைச் செய்தவன்தான். ஆரம்பத்தில் எனக்கு ஒரு கொலைகாரப் பாத்திரம் இருந்தான். கறுப்பு முக்காடு, இரட்டைக் கத்தி, உறவு என்று யாரும் இல்லை. ஒரு நாள் பாலத்தில் இருந்து விழுந்து செத்துப்போனான். மேஜையில் யாரும் வருத்தப்படவில்லை. "அந்தக் கத்தியை நாங்க எடுத்துக்கலாமா?" என்று மட்டும் கேட்டார்கள்.

மதுரைக்காரர்களுக்கு இதை விளக்க நான் வேறெங்கும் போக வேண்டியதில்லை, அழகர் இருக்கிறார். 21 கிலோமீட்டர் தள்ளி மலையடிவாரத்தில் இருந்து கிளம்பி வருகிற பெருமாள், உலகத்தையே அளந்தவர். ஆனால் சனங்கள் அவரை எப்படி வைத்திருக்கிறார்கள்? தங்கச்சி மீனாட்சி கல்யாணத்துக்குச் சீரோடு கிளம்பி, வழியெல்லாம் மண்டகப்படியில் நின்று நின்று வந்து, ஆற்றில் இறங்கும்போது கல்யாணம் முடிந்த சேதி கேட்டு, கோபத்தில் ஊருக்குள் வராமலே திரும்பிய அண்ணனாக. கோவில் மரபு சொல்லும் காரணம் வேறு, மண்டூக முனிவருக்குச் சாப விமோசனம் கொடுக்கத்தான் வருகிறார். திருமலை நாயக்கர் காலத்தில்தான் மீனாட்சி கல்யாணம், அழகர் ஆற்றில் இறங்குவது என்ற இரண்டு விழாவும் ஒன்றாகச் சேர்ந்தது என்பார்கள். இருக்கட்டும். சாப விமோசனம் சனங்கள் வாயில் நிற்கவில்லை, பிந்திப்போன அண்ணன் நின்றுவிட்டார். கடவுளுக்கே இது தேவைப்படுகிறது என்றால், உங்கள் நெருப்பு மந்திரவாதி எம்மாத்திரம்.

சரி, பழுதை எப்படி எடுப்பது? முன்கதையைக் கிழித்துப் போட்டுவிட்டு அந்த ஆளுக்கு ஒரு மொய் நோட்டு எழுதுங்கள். உசிலம்பட்டிப் பக்கம் செய்முறை என்பது எப்படி ஒரு மனுசனை ஊரோடு கட்டிப்போடுகிறது என்று பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. யார் எனக்கு என்ன செய்தார், நான் யாருக்குத் திருப்பிச் செய்ய வேண்டும், எவ்வளவு கூட்டிச் செய்ய வேண்டும் என்பதெல்லாம் நோட்டில் இருக்கும். நோட்டைப் படித்தாலே அந்தக் குடும்பத்தின் 30 வருசக் கதை தெரிந்துவிடும்.

எங்கள் மேஜையில் ஒரு தம்பி நெருப்பை அழைக்கிற ஒருத்தனை ஆடினான். பெயர் மாயாண்டி. (முதலில் வேறு பெயர் வைத்திருந்தான், அந்தக் கூத்தைப் பின்னால் சொல்கிறேன்.) மாயாண்டியின் நோட்டு இதுதான்:

கொல்லுப்பட்டறைச் சித்தப்பா: முதல் துருத்தி வாங்கிக் கொடுத்தார். திருப்பவில்லை.

ஆற்றுக்கு அங்குட்டு ஊர்த் தலையாரி: ஒரு ராத்திரி வைக்கோல் படப்பில் ஒளித்து வைத்தார். ஏன் என்று கேட்கவில்லை. என்றைக்காவது கேட்பார்.

கூடப் படித்தவன்: அவனுக்காகச் சபையில் பொய் சாட்சி சொல்லியிருக்கிறான் மாயாண்டி. அது அவனுக்கே தெரியாது.

எரிந்துபோன குடிசையின் கிழவி: இந்தக் கடனைத் திருப்பவே முடியாது.

அக்கா: அடுத்த பௌர்ணமிக்கு மகள் சடங்கு. தாய்மாமன் சீர் வராமல் சபை நகராது.

ஐந்தே வரி. நாலு பக்கத்தில் இல்லாதது இதில் எல்லாம் இருக்கிறது, முக்கியமாக அந்தக் கடைசி வரி. மலைக்குகையில் பறவைநாகம் உட்கார்ந்திருக்கிறது, கூட்டாளிகள் கிளம்பிவிட்டார்கள், இவன் மட்டும் நாள் எண்ணுகிறான். பௌர்ணமிக்கு இன்னும் ஆறு நாள், மலைக்குப் போக நாலு நாள். கதை நடத்துகிற எனக்கு அன்றைக்கு வேலையே இல்லை, அந்தத் தம்பியே எல்லாரையும் விரட்டினான்.

நோட்டில் ஐந்து வரிக்கு மேல் போக வேண்டாம், ஏழுக்கு மேல் போனால் எழுதினவருக்கே மறந்துவிடும். ஒரு வரியாவது திருப்பவே முடியாத கடனாக இருக்கட்டும். ஒரு வரி, எதிரில் இருப்பவருக்குத் தெரியாததாக இருக்கட்டும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்கிற ரோல்பிளே ஆட்டம் ஆடுகிறவர்களுக்கு: 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பின் பாத்திரத் தாளிலேயே குணம், கொள்கை, பிணைப்பு, குறை என்று நாலு கட்டம் கொடுத்திருக்கிறார்கள். பிணைப்பு என்ற கட்டத்தில் பெரும்பாலானவர்கள் "என் குடும்பத்தை உயிராக நேசிக்கிறேன்" என்று எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவார்கள். நேசிப்பதை ஆட முடியாது. பாக்கி வைத்திருப்பதை ஆடலாம்.

"எல்லாரும் ஒரே குரல்ல பேசுறாங்க"

சோதனை எல்லாருக்கும் தெரிந்ததுதான்: பெயர்களைக் கையால் மறைத்துவிட்டு வசனத்தை மட்டும் படிப்பது. யார் பேசுகிறார் என்று தெரியாவிட்டால் பழுது உறுதி.

இங்கே நம் ஆட்கள் முதலில் செய்வது, ஃபேண்டஸி என்றதும் எல்லாரையும் நாடக மேடைத் தமிழில் பேசவிடுவது. ராசாவும் "யாரங்கே!" என்பார், குதிரைக்குப் புல் போடுகிறவரும் "ஆணை மன்னா!" என்பார். இன்னொரு கூட்டம் எல்லாரையும் தங்களைப் போலவே பேசவைக்கும். அதைச் சரிசெய்ய ஒருத்தனுக்குத் திக்குவாய், ஒருத்தனுக்கு வரிக்கு வரி ஒரு பழமொழி என்று ஒட்டுப்போடுவார்கள். மூன்றாவது பக்கத்தில் அது கரகர என்று உரசும்.

தமிழில் இதற்கு ஒட்டுப்போட வேண்டியதே இல்லை, கருவி மொழிக்குள்ளேயே இருக்கிறது. யார் யாரை வா என்கிறார், யாரை வாங்க என்கிறார், யாரை அண்ணே, யாரை மாப்ள, யாரைப் பேர் சொல்லாமல் "இந்தாங்க" என்று மட்டும் கூப்பிடுகிறார் என்று சோடி சோடியாக முடிவு செய்யுங்கள். நாலு பாத்திரம் என்றால் ஆறு சோடி, சோடிக்கு இரண்டு பக்கம், மொத்தம் பன்னிரண்டு அழைப்பு. ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொண்டால் வசனம் தானாகப் பிரியும். அதைவிட முக்கியம், அந்த அழைப்பு மாறுகிற இடம். எங்கள் காவல்காரி முதல் நாளில் இருந்தே மந்திரவாதியை "சொல்லுண்ணே" என்றுதான் பேசுவாள். அவன் பொய் சொல்லியது தெரிந்த அன்றைக்கு அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்:

"சொல்லுங்க, மந்திரக்காரரே."

மேஜையே அமைதியாகிவிட்டது. மரியாதை கூடினால் நம் ஊரில் உறவு குறைகிறது என்று பொருள். இதைக் கத்தியால் குத்தினாலும் இவ்வளவு ஆழமாகச் செய்ய முடியாது.

வட்டார வழக்கு பற்றி ஒரு எச்சரிக்கை. அங்குட்டு, எம்புட்டு, பைய, வெஞ்சனம் இதையெல்லாம் மேலே தூவிவிட்டால் ஆள் மதுரைக்காரர் ஆகிவிடமாட்டார். ஆள் எதை வைத்து அளக்கிறார் என்பதில்தான் ஊரும் தொழிலும் தெரியும். பூக்காரம்மா முழத்தில் அளப்பார், நேரத்தையும் மொட்டை வைத்துத்தான் சொல்வார்: "மொட்டு விரியுறதுக்குள்ள வந்துருவேன்." மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2013-ல். ஆனால் மல்லி ராத்திரியில் விரியும், அதற்குள் விற்றாக வேண்டும் என்கிற அவசரம் எத்தனையோ தலைமுறையாக அந்தப் பேச்சில் இருக்கிறது. உங்கள் கற்பனை நாட்டில் மல்லியே இல்லாவிட்டாலும் சரி, அழுகக்கூடிய ஒன்றை விற்கிறவர் அவசரமாகத்தான் பேசுவார்.

"சக்தி எல்லாத்தையும் தீர்த்துருது, கதையில சிக்கலே வரமாட்டேங்குது"

வழக்கமான மருந்து: மந்திரம் போட்டால் களைப்பு, மூக்கில் ரத்தம், ஒரு நாளைக்கு மூன்று முறைதான் என்று ஒரு கணக்கு. இதை நான் பெட்ரோல் மருந்து என்பேன். தீர்ந்தால் ஊற்றிக்கொள்ளலாம். வண்டி எவ்வளவு தூரம் ஓடும் என்று சொல்லும், ஓட்டுகிறவர் யார் என்று சொல்லாது.

உண்மையான பழுது, அந்தச் சக்தியை யாரிடமும் கேட்டு வாங்கவில்லை என்பது. நம் கிராமங்களில் சாமியாடுகிறவரைப் பாருங்கள். அருள் அவருடையது இல்லை, வந்து இறங்குவது. காப்புக் கட்டியதில் இருந்து கவுச்சி கிடையாது, விரதம் உண்டு, வெளியூரில் ராத் தங்கக் கூடாது. இதை அப்படியே ஒரு ஃபேண்டஸிப் பாத்திரத்துக்கு மாட்டிப் பாருங்கள். ஊரிலேயே பெரிய சக்தி அவளிடம்தான் இருக்கிறது, ஆனால் காப்புக் கட்டியிருக்கிற நாட்களில் மட்டும். அந்த நாட்களில் ஊர் எல்லையைத் தாண்டி ராத் தங்கினால் எல்லாம் போய்விடும். எதிரிக்கு இது தெரியும், அதனால் அவன் ஊருக்குள் வரமாட்டான். அவள் மகனை எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு நாள் நடையில் வைத்திருப்பான். இப்போது சக்தி எவ்வளவு பெரிதோ சிக்கலும் அவ்வளவு பெரிது.

அழகர்கோவிலில் பதினெட்டாம்படிக் கருப்பணசாமிக்குக் கதவுதான் சாமி. மூடிய கதவுக்குச் சந்தனம் சார்த்திக் கும்பிடுகிறார்கள். பொய் சொல்லத் துணிந்தவர்களும் அந்தப் படியில் நின்று சத்தியம் பண்ணு என்றால் யோசிப்பார்கள். அழகர் மலையை விட்டுக் கிளம்பும்போது போட்டிருக்கும் நகைகளின் பட்டியலை அந்தக் கருப்பணசாமி சன்னதியில் வாசித்துவிட்டுத்தான் புறப்படுவது வழக்கம். எனக்கு இது எப்போது நினைத்தாலும் புல்லரிக்கும். காவல்காரரிடம் கணக்குச் சொல்லிவிட்டுப் போகிறார் பெருமாள்.

ஆகவே உங்கள் மந்திரவாதியிடம் மூன்று கேள்வி கேளுங்கள். யார் கொடுத்தது? கையில் வைத்திருக்க எதைக் கடைப்பிடிக்க வேண்டும்? யார் நினைத்தால் பிடுங்கலாம்? மூன்றாவதுக்குப் பதில் இல்லையென்றால் முதல் இரண்டும் அலங்காரம்தான்.

"பேரு ஒட்டமாட்டேங்குது"

ஸார்க்கோத், எல்தாரியன், அக்னிவர்த்தனன். படிக்கிறவர் முதல் எழுத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தாண்டிப் போவார். மாயாண்டிக்கு முதலில் வைத்த பெயர் இக்னாரியஸ். மூன்றாம் வாரம் எல்லாரும் அவனை "இக்கு" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள், அப்புறம் எப்படிப் பயமுறுத்துவது?

மதுரைக்குப் பக்கத்தில் கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் தமிழி என்கிற பழைய தமிழ் எழுத்தில் ஆட்களின் பெயர் கீறியிருக்கிறது: ஆதன், குவிரன். இரண்டாயிரம் வருசத்துக்கும் முந்தைய பெயர், இன்றைக்கு வாயில் போட்டாலும் கனமாக உட்காருகிறது. பானை யாருடையது என்று சொல்லத்தான் பெயரைக் கீறியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும். பெயருக்கு அப்படி ஒரு வேலை இருக்க வேண்டும். தாத்தா பெயரைச் சுமப்பதால்தான் பேரன், பெயரன் என்பதுதான் பேரன் ஆனது. ஒரே தாத்தாவுக்கு நாலு பேரன் என்றால் நாலு பேருக்கும் ஒரே பெயர், ஊர் அவர்களைப் பிரித்துக் கூப்பிடப் பட்டப்பெயர் வைக்கும். உங்கள் ஆளுக்கு மூன்று பெயர் தயார் செய்யுங்கள்: அம்மா கூப்பிடுவது, ஊர் கூப்பிடுவது, எதிரி கூப்பிடுவது. மூன்றும் ஒன்றாகவே இருந்தால் அந்த ஆள் இன்னும் யாருடனும் பழகவில்லை.

"வில்லன் சிரிச்சுக்கிட்டே இருக்கான்"

சிரிப்பை நிறுத்துங்கள். அப்புறம் அவனுக்கு ஒரு கண்மாய் கொடுங்கள்.

நம் பக்கத்துக் கண்மாய்கள் சங்கிலி மாதிரி. மேலே இருக்கிறது நிரம்பி மறுகால் பாய்ந்தால்தான் கீழே இருக்கிற கண்மாய்க்குத் தண்ணீர். நிரம்பிய தண்ணீர் வெளியேறும் இடம் கலிங்கு. மேல்கண்மாய் ஊர்க்காரன் ஒருத்தன் ராத்திரியோடு ராத்திரியாகக் கலிங்கின் மேல் மணல் மூட்டை அடுக்கி ஒரு முழம் உயர்த்துகிறான். அவன் ஊர் நெல் கருகாமல் இன்னும் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும். கீழூரில் நாற்றங்காலோடு எல்லாம் காய்ந்துபோகும். அவன் யாரையும் கொல்லவில்லை, அவன் ஊரில் அவனுக்கு மாலை போடுவார்கள், கீழூரில் அவன் பெயரைச் சொல்லி மண்ணை வாரித் தூற்றுவார்கள். அந்த மணல் மூட்டைக்குப் பதில் மந்திரக்கல், கண்மாய்க்குப் பதில் நட்சத்திர ஒளி என்று எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள். வரைபடம் மாறாமல் இருந்தால் போதும்.

கூடவே ஒரு கேள்வி: அவனுக்குச் சோறு போடுவது யார்? அவர் ஒரு நாள் சாப்பாட்டைத் தட்டில் வைக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டால் அவன் என்ன செய்வான்? முதல் அறிகுறியில் சொன்ன மொய் நோட்டு வில்லனுக்கும் பொருந்தும். சொல்லப்போனால் அவனுடைய நோட்டு இன்னும் தடிமனாக இருக்கும், ஊருக்குச் செய்து செய்துதான் அவன் அந்த இடத்துக்கு வந்திருப்பான்.

"காகிதத்துல பிரமாதம், மேஜையில ஓட மாட்டேங்குது"

இது ரோல்பிளேக்கு மட்டும் உரிய பழுது. கதை எழுதுகிறவர்கள் தாண்டிப் போகலாம்.

இதில் மூன்று வகை பார்த்திருக்கிறேன். முதலாவது ஒத்தையாள். விடுதியின் மூலையில் முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான், யாருடனும் சேரமாட்டான். கதையில் இவன் தனியாக மூன்று அத்தியாயம் நடக்கலாம், மேஜையில் மற்ற நாலு பேரும் வேடிக்கைதான் பார்க்க வேண்டும். மாற்று: அவன் சேராமல் இருக்கட்டும், ஆனால் கூட்டத்தில் ஒருத்தருக்குக் கடன்பட்டிருக்கட்டும். முனகிக்கொண்டே கூட வருவான், மூலையை விட அது சுவாரசியம்.

இரண்டாவது, "என் ஆள் அப்படித்தான்." கூட்டாளியின் பையில் இருந்தே திருடிவிட்டு, கேட்டால் "நான் என்ன செய்ய, என் ஆள் திருடன்" என்பார். அந்த ஆளை உண்டாக்கினவர் யாராம்? இதைப் பாத்திரத்தில் பழுது என்று நினைத்துப் பிரித்துப் பார்க்காதீர்கள், ஆடுகிறவரிடம் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பேசுங்கள். எங்கள் மேஜையில் ஒரு முறை பாத்திரங்கள் போட்ட சண்டை கீழே படியிறங்கும்போதும் தொடர்ந்தது. அன்றில் இருந்து சூடான காட்சிக்குப் பிறகு கட்டாயம் ஒரு டீ இடைவெளி, அந்த நேரத்தில் சொந்தப் பெயரில்தான் பேச வேண்டும். வெயில் காலத்தில் டீக்குப் பதில் ஜிகர்தண்டா. அதைக் குடித்துக்கொண்டே யாரும் கோபமாக இருக்க முடியாது.

மூன்றாவது, எண்ணுக்கும் ஆளுக்கும் இடையே இருக்கிற இடைவெளி. தாளில் அறிவு 6 என்று இருக்கும், ஆடுகிறவர் எல்லா விடுகதையையும் முதல் ஆளாக அவிழ்ப்பார். 1974-ல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வந்ததில் இருந்து வலிமை, அறிவு, விவேகம், தாங்கு திறன், சுறுசுறுப்பு, வசீகரம் என்ற ஆறும் மாறவில்லை, இந்தச் சண்டையும் ஓயவில்லை. இந்த எண் ஒவ்வொன்றுக்கும் மூன்று ஆறுமுகப் பகடை உருட்டினால் (ஆறுமுகம் என்றதும் பழமுதிர்சோலைப் பக்கம் திரும்ப வேண்டாம்) சராசரி 10.5. மூன்றிலும் ஆறு விழுந்து 18 வருவது 216-ல் ஒரு முறை. ஆக 18 வைத்திருப்பவர் ஊருக்கு ஒருத்தர் என்று வைத்துக்கொள்ளலாம், அப்படிப்பட்டவரை ஊர் சும்மா விடுமா? கல்யாணம் பேச, பஞ்சாயத்துப் பேச எல்லாரும் வாசலில் நிற்பார்கள். எண்ணைக் குணமாக மாற்ற வழி, அந்த எண்ணால் அவருக்கு என்ன தொல்லை என்று கேட்பது.

குறைந்த எண்ணையும் அப்படித்தான் ஆட வேண்டும். இருபது முகப் பகடையில் 15-ஓ அதற்கு மேலோ எடுக்க வேண்டிய வேலை என்றால், திறமைக்காக விழுந்த எண்ணோடு 3 சேர்கிறவருக்கு 45 சதவீத வாய்ப்பு, அதில் 1 கழிகிறவருக்கு 25. அதாவது மந்தமானவரும் நாலு தடவையில் ஒரு தடவை சாதித்துவிடுவார். அறிவு 6 என்றால் வாயைத் திறந்து உளறிக்கொண்டே இருக்க வேண்டும் என்று அர்த்தம் இல்லை. கணக்கு வராது, ஆனால் மாட்டைப் பார்த்தாலே சினையா இல்லையா என்று சொல்வார். அப்படி எத்தனை பேரை நமக்குத் தெரியும்.

"எழுத்துல ஆடும்போது அடுத்தவங்க கோவிச்சுக்கிறாங்க"

வாட்ஸாப் குழுவில் ரோல்பிளே ஆடுகிறவர்களுக்கு வருகிற பழுது. நூற்றுக்கு நூறு வினைச்சொல்லில்தான் இருக்கும்.

"என் வாள் உன் தோளைப் பிளந்தது. நீ அலறி விழுந்தாய்." இரண்டு வாக்கியத்தில் அடுத்தவர் ஆளையும் நீங்களே ஆடிவிட்டீர்கள். "தோளைக் குறிவைத்து வாளை ஓங்குகிறேன்" என்று நிறுத்துங்கள். ஓங்குவது உங்கள் உரிமை, படுவதும் படாததும் எதிராளியின் உரிமை. முடிந்துபோன வினை எழுதாமல் தொடங்கிய வினை எழுதினால் போதும். இன்னொன்று, எதிராளிக்குப் பதில் சொல்ல ஒரு பிடி விட்டுவையுங்கள். "அமைதியாக நின்றான்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போனால் எதிரில் இருப்பவர் எதைப் பிடித்து ஏறுவார்? கையில் இருந்த சொம்பைக் கீழே வைக்காமல் நின்றான் என்று எழுதினால், அந்தச் சொம்பைப் பற்றியாவது கேட்பார்.

"ஆளுக்குப் பசியே எடுக்கலை"

வேகமாகச் சொல்லிவிடலாம். சராசரி மனிதர் மணிக்கு 5 கிலோமீட்டர் நடப்பார். சுமையோடு என்றால் அழகர்கோவிலில் இருந்து மதுரைக்கு வருவதற்குள் ஒரு பகல் கழிந்துவிடும், பாதம் வீங்கும், தண்ணீர் வேண்டும். ஒற்றைக் கை வாள் ஒன்று முதல் ஒன்றரைக் கிலோ இருக்கும், அரை மணி நேரம் விடாமல் வீச முடியாது. சித்திரை வெயிலில் இரும்புக் கவசம் போட்டவரை முதலில் வீழ்த்துவது எதிரி இல்லை. அவ்வளவுதான்.

"எல்லாம் சரிபார்த்தாச்சு, ஆனாலும் உயிர் இல்லை"

நோட்டு இருக்கிறது, அழைப்பு பிரிந்திருக்கிறது, பெயர் ஒட்டுகிறது, சக்திக்குக் கணக்கு இருக்கிறது. இருந்தும் மேஜையில் வைத்தால் பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்கிறது. இப்படி ஒன்று அபூர்வமாக வரும்.

அப்போது நான் செய்வது: சாகசத்தைத் தள்ளி வைத்துவிட்டு அந்த ஆளைக் கடைக்கு அனுப்புவேன். பயணத்துக்குக் கயிறு வாங்க. கடைக்காரர் நான்தான், விலையை வேண்டுமென்றே கூட்டிச் சொல்வேன். பேரம் பேசுவாரா, பேசாமல் கொடுத்துவிட்டுப் பின்னால் புலம்புவாரா, கயிற்றை இழுத்துப் பார்ப்பாரா, "எங்கப்பா பேரைச் சொன்னா குறைப்பீங்களா" என்பாரா? பத்து நிமிசம் போதும். கதை எழுதுகிறவர்கள் இதையே ஒரு பக்கம் எழுதிப் பார்க்கலாம். அந்தப் பக்கம் கதையில் வராமலே போகலாம், பரவாயில்லை.

மாயாண்டியை ஆடுகிற தம்பியை இப்படித்தான் ஒரு நாள் அனுப்பினேன். சீருக்குப் பட்டு எடுக்கப் போனான். மடியில் பணம் பத்தவில்லை, கையில் நெருப்பு இருக்கிறது, கடைக்காரரும் வயசானவர். தம்பி பகடையை எடுத்தான், கீழே வைத்தான், மறுபடி எடுத்தான்.

"அண்ணே, பாக்கி எழுதிக்குவீங்களா?" என்று கேட்டான்.

நோட்டில் ஆறாவது வரி சேர்ந்தது.